சேர்ந்தவர் பட்டத்தோடு வெளியேற: கம்யூனிட்டி காலேஜில் பாதை போட்டுக் கொடுக்கும் முறை

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்வது சுலபம். பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். கட் ஆஃப் கிடையாது, கட்டணமும் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவு. இரண்டு வருடம், 60 கிரெடிட் (பாடத்தின் எடைக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் தரும் அளவு), கையில் அசோசியேட் என்னும் இரண்டாண்டுப் பட்டம். வேண்டுமானால் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறி மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்காரலாம். காகிதத்தில் இவ்வளவுதான். நடப்பது வேறு. சேருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இளங்கலைப் பட்டம் வரை போகும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர் மூன்றில் ஒருவர். ஆறு வருடத்துக்குள் இளங்கலைப் பட்டம் வாங்குகிறவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

பையன் சரியில்லை, பெண்ணுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய 'ஏசாப்' திட்டம், நெருக்கமான ஆலோசனையும் பயண அட்டையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு, அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் செய்தது. அங்கே மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருமே வருமானம் குறைந்தவர்கள், கணக்கிலோ ஆங்கிலத்திலோ அடிப்படைப் பாடம் தேவைப்பட்டவர்கள். ஒரு பாதிக்குத் திட்டம், மறு பாதிக்கு வழக்கமான கல்லூரி. எம்.டி.ஆர்.சி. ஆய்வு நிறுவனம் 2015-ல் வெளியிட்ட முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் வாங்கினார்கள். மற்றவர்களில் 22 சதவீதம். அதே ஊர், அதே மாதிரி மாணவர்கள். மாறியது கல்லூரியின் ஏற்பாடு மட்டும்தான்.

அப்படி ஓர் ஏற்பாட்டைத் தங்கள் கல்லூரியில் கொண்டுவரப் போகும் டீன், ஆலோசகர், துறைத் தலைவர் ஆகியோருக்கானது இது. இங்கே வரும் விதிகளும் தொகைகளும் அமெரிக்காவுடையவை. மூன்று வருடத்தில் பதினெட்டு அரியர் சேர்த்துக்கொண்டு நிற்கும் மாணவர்களைத் தினமும் பார்க்கும் நம்மூர் முதல்வருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் வேலை: வரைபடம்

பல கல்லூரிகளின் பாடப் பட்டியல் ஹோட்டல் மெனு கார்டு மாதிரி. நூற்றுக்கணக்கான பாடம், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நண்பர் எடுத்ததை எடுக்கிறார். இரண்டு வருடம் கழித்து 50 கிரெடிட் இருக்கும். அதில் 20 எந்தப் பட்டத்துக்கும் உதவாது. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுவதுபோல, ஒவ்வொரு பட்டத்துக்கும் செமஸ்டர் வாரியாக எந்தப் பாடம் என்று கல்லூரியே எழுதிக் கொடுப்பதுதான் இதற்கு மருந்து. கூடுதலாக ஏதாவது வேண்டும் என்கிறவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

எழுதும்போது பட்டத்தின் கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். வணிகவியல் படித்துவிட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவருக்கு அங்கே மூன்றாம் ஆண்டில் சேர என்னென்ன பாடம் முடிந்திருக்க வேண்டும் என்று அந்தத் துறையிடமே எழுத்தில் வாங்குங்கள். இணையதளத்தைப் பார்த்து எழுதினால் தவறும். 'பொதுப்பாடமாக ஏற்றுக்கொள்கிறோம்' என்பதும் 'மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்' என்பதும் வேறு வேறு. முதலாவதை நம்பிப் போன மாணவர் அங்கே அதே கணக்கியலை மறுபடி படிப்பார். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது.

ஒரு மாதிரி வரைபடம், கூட்டிப் பார்க்க வசதியாக:

முதல் செமஸ்டர்: ஆங்கில எழுத்து ஒன்று (3), புள்ளியியல் (4), வணிக அறிமுகம் (3), மேடைப் பேச்சு (3), கல்லூரி அறிமுக வகுப்பு (1). மொத்தம் 14.
இரண்டாம் செமஸ்டர்: ஆங்கில எழுத்து இரண்டு (3), கணக்கியல் ஒன்று (4), நுண்பொருளியல் (3), ஆய்வகத்தோடு ஓர் அறிவியல் (4). மொத்தம் 14.
கோடை: உளவியல் (3).
மூன்றாம் செமஸ்டர்: ஐந்து பாடம், 15.
நான்காம் செமஸ்டர்: 14.

ஆக 60. கோடையில் ஒரு பாடம் இருப்பதைக் கவனியுங்கள். அரசு உதவித்தொகைக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர். அதை நம்பி 12, 12 என்று போனால் நான்கு செமஸ்டரில் 48தான் வரும். இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி. 'முழுநேரம் படித்தேனே, ஏன் முடியவில்லை?' என்று கேட்கும் மாணவரிடம் ஒரு தப்பும் இல்லை. யாரும் அவருக்குக் கூட்டிக் காட்டவில்லை. 15 முடியாதவருக்கு 12, 12, கோடையில் 6 என்று போடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகை 2017 முதல் மறுபடியும் கோடைக்கும் கிடைக்கிறது என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது.

ஒரே வரைபடம் போதாது. ஜனவரியில் சேருகிறவருக்குத் தனியாக ஒன்று வேண்டும். உடற்கூறியல் ஒன்று ஆகஸ்டில் மட்டும் நடந்தால், செவிலியர் படிப்புக்கு ஜனவரியில் வந்தவர் எட்டு மாதம் காத்திருக்க நேரும். காத்திருக்கிறவர்களில் பலர் திரும்ப வருவதில்லை. பகுதி நேரமாகப் படிக்கிறவருக்கு இன்னொன்று வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் பெரும்பான்மையினர் அவர்கள்தான். செமஸ்டருக்கு இரண்டு மூன்று பாடம், நான்கு வருடக் கணக்கு. முழுநேர வரைபடத்தை மட்டும் சுவரில் ஒட்டினால் அது பாதிப் பேருக்கு அலங்காரம்.

என்ன படிப்பது என்று தீர்மானிக்காமல் வருகிறவருக்கு 'பொதுப்பிரிவு' என்று ஒரு குடையைக் கொடுத்துவிடாதீர்கள். உடல்நலம், வணிகம், கணினியும் பொறியியலும், சமூகமும் கல்வியும் என்று ஆறு ஏழு பெருந்துறைகள் வையுங்கள். ஒரு துறைக்குள் முதல் செமஸ்டர் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். செவிலியராக நினைத்தவர் கதிரியக்கத் தொழில்நுட்பத்துக்கு மாறினாலும் படித்தது வீணாகாது.

கணக்கும் ஆங்கிலமும் முதல் வருடத்திலேயே

மாணவர்கள் கூட்டமாக விழும் இடம் இது. பழைய முறைப்படி நுழைவில் ஒரு தேர்வு வைத்து, கணக்கில் பலவீனமானவரை மூன்று படி கீழே இறக்கி, கிரெடிட் இல்லாத அடிப்படை வகுப்பில் உட்கார வைப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் 70 சதவீதம் பேர் தேறுகிறார்கள், தேறியவர்களில் 80 சதவீதம் பேர் அடுத்த படிக்குப் பெயர் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மோசமான எண்கள் இல்லை. 100 பேர் முதல் படியைத் தாண்டும்போது 56 ஆவார்கள். இரண்டாவதில் 31. மூன்றாவதில் 18. கடைசியில் கல்லூரிக் கணக்கில் தேறுகிறவர் 12. எந்த ஆசிரியரும் தவறு செய்யவில்லை. படிகளின் எண்ணிக்கையே ஆளை வடிகட்டிவிட்டது.

அதனால் டென்னசி மாநிலம் 2015-ல் தன் கம்யூனிட்டி காலேஜ்கள் முழுவதிலும் முறையை மாற்றியது. கலிஃபோர்னியா 2017-ல் சட்டமே போட்டது. மாணவரை நேராகக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்து, கூடவே ஒரு துணை வகுப்பு வைக்கிறார்கள். செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில.

துணை வகுப்பை முடிந்தவரை அதே ஆசிரியரே எடுக்கட்டும், முதன்மை வகுப்பு முடிந்தவுடனோ மறுநாளோ. வாரம் இரண்டு மணி நேரம் குறைந்தபட்சம். அதில் நடத்த வேண்டியது நாளைய பாடத்துக்குத் தேவையானது. புள்ளியியலில் திட்ட விலக்கம் வரப்போகிறது என்றால் இன்று வர்க்கமூலம், பின்னம். பழைய அடிப்படைப் பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. மூன்றாவது வாரத்தில் இரண்டு வகுப்பும் இரண்டு திசையில் போகும், மாணவர் துணை வகுப்பை நிறுத்திவிடுவார்.

எல்லாரையும் இயற்கணிதத்துக்குத் தள்ளாதீர்கள். பொறியியலுக்குப் போகிறவருக்கு அது வேண்டும். உளவியல், சமூகப்பணி, குற்றவியல் படிக்கிறவருக்குப் புள்ளியியல்தான் பின்னால் உதவும். எந்த மேஜருக்கு எந்தக் கணக்கு என்று வரைபடத்திலேயே எழுதுங்கள். பின்னால் மனம் மாறிப் பொறியியலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் ஆலோசகர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதை மறைத்துப் புள்ளியியலில் உட்கார வைப்பது மோசடி.

ஆலோசகர்: எத்தனை பேருக்கு ஒருவர்?

எல்லாவற்றையும் தாங்குவது இந்த ஒரு பதவி. ஏசாப் ஆய்வுக் காலத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள். அதே கல்லூரிகளில் திட்டத்துக்கு வெளியே 600 முதல் 1,500 பேருக்கு ஒருவர். எண்ணைக் குறைக்க வேண்டிய காரணம் எளிய கூட்டல்தான். மாதம் இரண்டு முறை, தடவைக்கு அரை மணி என்றால் ஒரு மாணவருக்கு மாதம் ஒரு மணி நேரம். 150 பேர் என்றால் 150 மணி. வாரம் 35 மணி வேலை செய்கிறவருக்கு மாதத்தில் இருப்பதே 140, 150 மணிதான். அவர் போன் பேச, குறிப்பு எழுத, வராதவரைத் தேட நேரமே இல்லை. 75 பேர் என்றால் பாதி நேரம் சந்திப்பு, பாதி நேரம் மற்ற வேலை.

பணம் இல்லாமல் 150க்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மாணவர்களை வகை பிரியுங்கள். முதல் செமஸ்டரில் எல்லாரும் மாதம் இரண்டு முறை. அதன் பிறகு மதிப்பெண், வருகை, வீட்டு நிலவரம் பார்த்து மூன்று குழு: நன்றாகப் போகிறவர் செமஸ்டருக்கு ஒரு தடவை நேரிலும் இடையில் போனிலும், நடுவில் உள்ளவர் மாதம் ஒன்று, தள்ளாடுகிறவர் மாதம் இரண்டு. பட்டியலை ஒவ்வொரு செமஸ்டரும் திருத்தணும். முதல் வருடம் நன்றாகப் படித்தவர் மூன்றாம் செமஸ்டரில் காணாமல் போவது சகஜம்.

சந்திப்பில் என்ன பேசுவது? 'படிப்பெல்லாம் எப்படிப் போகுது?' என்று கேட்டால் 'நல்லாப் போகுது' என்றுதான் பதில் வரும். கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, மாணவரையே லாகின் செய்யச் சொல்லி, 'கடைசியா வந்த மார்க் எது, காட்டுங்க' என்று ஆரம்பியுங்கள். அடுத்து, இந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலைக்குப் போகிறார், ஷிஃப்ட் மாறியதா. மூன்றாவதாக வரைபடத்தைத் திறந்து அடுத்த செமஸ்டர் பாடங்களைச் சேர்ந்து டிக் செய்வது. இந்த மூன்றும் இருபது நிமிடம். மீதிப் பத்து நிமிடத்தில்தான் உண்மையான சங்கதி வெளியே வரும்: குழந்தையைப் பார்த்துக்கொண்ட பாட்டி ஊருக்குப் போய்விட்டார், கார் நின்றுவிட்டது. வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஏழு மணி வரை அறை திறந்திருக்கட்டும். பகலில் வேலை பார்க்கிறவர் நான்கு மணிக்கு மூடும் அலுவலகத்துக்கு எப்படி வருவார்?

வரச் சொன்னால் வருவார்களா? சும்மா சொன்னால் வரமாட்டார்கள். ஏசாப்பின் சாமர்த்தியமே இங்கேதான். ஆய்வுக் காலத்தில் மாதாமாதம் சப்வே, பஸ்ஸில் போக மெட்ரோகார்டு என்னும் பயண அட்டையை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் ஆலோசகர் சந்திப்பையும் மற்றக் கடமைகளையும் முடித்தவருக்குத்தான் அந்த மாத அட்டை. ஓஹையோவில் மூன்று கல்லூரிகள் இதைப் பின்பற்றியபோது அங்கே நியூயார்க் மாதிரி சப்வே வசதி இல்லை. பெட்ரோலுக்கும் மளிகைக்கும் ஆகும்படி மாதம் 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்கள் அங்கே 35 சதவீதம், திட்டத்துக்கு வெளியே 19 சதவீதம். பயணச் செலவை இனாமாகக் கொடுத்துவிட்டு, சந்திப்பைத் தனியாக 'கட்டாயம்' என்று நோட்டீஸ் ஒட்டினால் இந்தப் பலன் வராது. இரண்டையும் ஒரே கதவில் கட்டி வையுங்கள்.

சின்னப் பணம், பெரிய ஓட்டை

படிப்புக் கட்டணம் பெரும்பாலும் உதவித்தொகையில் அடங்கிவிடும். மாணவரை வீட்டுக்கு அனுப்புவது அதற்குப் பிறகு வரும் சில்லறை. புத்தகம், நூலக அபராதம், பார்க்கிங் டிக்கெட். 80 டாலர் பாக்கிக்காகக் கம்ப்யூட்டர் பெயரைத் தானாகத் தடுத்துவிடும், அடுத்த செமஸ்டருக்குப் பதிய முடியாது. அந்தத் தொகைக்காக மீதிக் கிரெடிட் கட்டணம் முழுவதையும் கல்லூரி இழக்கிறது. எத்தனை டாலருக்கு மேல் தடை என்ற வரம்பை உயர்த்தச் சொல்லி நிதி அலுவலகத்திடம் முதல் மாதமே பேசுங்கள். உதவித்தொகைக்கும் கட்டணத்துக்கும் இடையே விழும் பள்ளத்தைத் திட்டமே நிரப்பட்டும், புத்தகமும் இலவசமாக இருக்கட்டும். அவசர உதவி என்று ஒரு நிதி வைத்தால் இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்து வரும் வாடகைப் பணம், வீட்டைக் காலி செய்த பிறகு வருகிறது.

உதவித்தொகை விதிகளில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன, ஆலோசகர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை. ஒன்று, எடுத்த கிரெடிட்டில் சுமார் 67 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும், மதிப்பெண் சராசரி 4-க்கு 2.0க்குக் குறையக்கூடாது. 15 எடுத்து இரண்டு பாடத்தை விட்டால் 9 முடியும், அதாவது 60 சதவீதம். 'கஷ்டமா இருந்தா ரெண்டை விட்டுடு' என்று நல்லெண்ணத்தில் சொல்லும் ஆசிரியருக்கு இது தெரியாது. இன்னொன்று, செமஸ்டரில் 60 சதவீதக் காலம் முடிவதற்குள் எல்லாப் பாடத்தையும் விட்டுப் போனால் வாங்கிய உதவியில் ஒரு பங்கைத் திருப்ப வேண்டும். பதினைந்து வாரச் செமஸ்டரில் அது ஒன்பதாம் வாரம். எட்டாம் வாரம் போன மாணவருக்குக் கல்லூரியில் கடன் விழும். திரும்பி வர நினைக்கும்போது அந்தக் கடன் வாசலில் நிற்கும். ஒருவர் 'நிறுத்தப் போகிறேன்' என்று வந்தால் காலண்டரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நேர அட்டவணை

முதல் வருடப் பாடங்களைக் கட்டாக வையுங்கள்: திங்கள் முதல் வியாழன் வரை காலை 9 முதல் 1, அல்லது மாலை ஒரு கட்டு. வேலைக்குப் போகிறவர் முதலாளியிடம் ஒரே பதிலைச் சொல்லலாம். செவ்வாய் காலை ஒன்று, வியாழன் மாலை ஒன்று என்று சிதறினால் ஷிஃப்ட் கிடைக்காது, படிப்புதான் விட்டுப்போகும். வகுப்பு தொடங்கிய பிறகு பெயர் சேர்ப்பதை நிறுத்துங்கள். இரண்டாம் வாரம் வருகிறவர் முதல் தேர்வில் விழுந்து அங்கேயே மனம் விட்டுவிடுகிறார். தாமதமாக வருகிறவருக்கு நான்கு வாரம் கழித்துத் தொடங்கும் குறுகிய வகுப்பு ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

யாரைத் தேடுவது, எப்போது

அரைச் செமஸ்டர் மதிப்பெண் வரும்வரை காத்திருந்தால் தாமதம். மூன்றாம் வாரத்தில் ஆசிரியர்கள் மூன்று விஷயம் மட்டும் பதியட்டும்: இரண்டு வகுப்புக்கு மேல் வரவில்லை, முதல் வேலையைக் கொடுக்கவில்லை, முதல் தேர்வில் தோல்வி. இப்படி எச்சரிக்கைக் கொடி பறந்தால் 48 மணி நேரத்தில் ஆலோசகர் போன் செய்ய வேண்டும், மின்னஞ்சல் போதாது. என்ன ஆனது என்று ஆசிரியருக்கு ஒரு வரி பதில் போகணும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். பதில் வராத ஆசிரியர் அடுத்த செமஸ்டர் கொடியே போடமாட்டார், லட்சக்கணக்கில் வாங்கிய மென்பொருள் சும்மா கிடக்கும்.

அடுத்த செமஸ்டருக்குப் பதிவு நவம்பரில் திறந்தால், அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'இன்னும் பதியாதவர்' பட்டியல் எடுங்கள். பட்டத்துக்காக மூன்று வருடம் காத்திருக்காமல் முன்னமே தெரிந்துகொள்ள நான்கு எண் போதும்: முதல் செமஸ்டரில் 12 கிரெடிட் முடித்தவர், முதல் வருடத்தில் கல்லூரிக் கணக்கு முடித்தவர், ஆங்கிலம் முடித்தவர், இரண்டாம் செமஸ்டருக்குத் திரும்பியவர். இனம், வருமானம், பகுதிநேரம் என்று பிரித்துப் பாருங்கள். மொத்தம் ஏறும்போது ஒரு குழு இறங்கிக்கொண்டிருக்கலாம்.

கடைசி 15 கிரெடிட்

45 கிரெடிட் தாண்டியவர் ஒவ்வொருவருடைய கணக்கையும் கையால் சரிபாருங்கள். ஒரு பாடம் குறைவாக நின்று போனவர்கள், எல்லாம் முடித்தும் பட்டத்துக்கு விண்ணப்பிக்காதவர்கள் கட்டாயம் கிடைப்பார்கள். விண்ணப்பக் கட்டணத்தை எடுத்துவிட்டு, முடித்தவருக்குக் கல்லூரியே பட்டம் வழங்கலாம். பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அங்கே எடுத்த கிரெடிட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி அசோசியேட் பட்டம் கொடுக்கும் வழியும் உண்டு. அதற்குப் பல்கலைக்கழகத்தோடு ஓர் ஒப்பந்தமும், மாணவரின் ஒப்புதலும் வேண்டும்.

செலவும் வெட்டும்

மலிவு என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஏசாப் மூன்று வருடத்தில் ஒரு மாணவருக்குச் சுமார் 16,300 டாலர் கூடுதலாகச் செலவழித்தது, வழக்கத்தைவிட 63 சதவீதம் அதிகம். ஆனால் பட்டம் வாங்கியவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பட்டத்துக்கான செலவு 11.4 சதவீதம் குறைந்தது. நிதிக்குழுவுக்கு முன் இரண்டாவது எண்ணையும் சேர்த்து வையுங்கள். முதல் எண்ணை மட்டும் காட்டினால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

வெட்டு வரும்போது முதலில் வெட்டப்படுவது ஆலோசகர் பதவி. மிஞ்சுவது வரைபடப் போஸ்டரும் எச்சரிக்கை மென்பொருளும். பெருந்துறைகளுக்கு வண்ணம் கொடுத்து இணையதளத்தை அழகாக்கிவிட்டு 'பாதைத் திட்டம் அமல்' என்று அறிவித்த கல்லூரிகளில் எண்கள் அசையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பணம் பாதிதான் இருக்கிறதா? பாதி மாணவர்களுக்கு முழுத் திட்டம் கொடுங்கள். எல்லாருக்கும் பாதித் திட்டம் வேண்டாம்.

150 பேர், இரண்டு ஆலோசகர், இரண்டு பெருந்துறை என்று தொடங்கலாம். வரைபடம், பல்கலைக்கழகக் கடிதங்கள், அட்டவணை ஆகியவற்றுக்கு ஒரு கல்வியாண்டு முன்கூட்டியே ஒதுக்குங்கள். பணத்தை மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கையெழுத்தில் வாங்கிய பிறகே முதல் மாணவரைச் சேருங்கள். ஒரு வருட நிதியில் தொடங்கியவர்கள், தங்கள் முதல் குழு 30 கிரெடிட்டில் நிற்கும்போது பயண அட்டையை நிறுத்த நேரும்.